‘நிச்சயமாகவா?’ என்ற கேள்வி யாரைக் காக்கிறது?

ஒரு மென்பொருளை எழுதுபவர், அதைப் பயன்படுத்தப்போகும் எல்லாருடைய தேவையையும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்பதால், சில முடிவுகளைத் தாமே எடுக்காமல் பயன்படுத்துவோரின் கையில் விட்டுவிடுகிறார். அப்படி விடப்பட்ட முடிவுகளே ‘அமைப்புகள்’ என்றும், பேச்சுவழக்கில் ‘செட்டிங்ஸ்’ என்றும் அழைக்கப்படுகின்றன. கைப்பேசித் திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதும் ஓர் அமைப்புதான். நோயாளிகளின் பதிவேடுகள் அடங்கிய ஒரு தரவுத்தளத்தை இணையத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் திறக்கலாமா கூடாதா என்பதும் ஓர் அமைப்புதான். இவற்றில் முன்னது தவறினால் கண் கூசும், பின்னது தவறினால் ஆயிரக்கணக்கானோரின் அந்தரங்கம் சந்திக்கு வந்துவிடும் என்றாலும், இரண்டும் ஒரே அளவுள்ள பொத்தானாகவோ ஒரு கோப்பின் ஒற்றை வரியாகவோதான் கண்ணுக்குத் தெரிகின்றன.

தவறான அமைப்பால் பெரும் சேதம் நேரும்போதெல்லாம், ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்ற சொற்றொடர் முதல் அறிக்கையிலேயே இடம்பெற்றுவிடுகிறது. பயனரை எச்சரித்தோம், அவர் சம்மதித்தார், ஆகவே பொறுப்பு அவருடையது என்று வாதம் முடிக்கப்படுகிறது. அரை நூற்றாண்டுக் கால விபத்து ஆய்வுகள் காட்டுவது வேறு. கவனமான, பயிற்சி பெற்ற மனிதர்களே இத்தகைய தவறுகளைச் செய்திருக்கிறார்கள். அவர்களைத் தடுத்திருக்கக்கூடிய காப்பு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வடிவமைத்தவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றிய தியான்யின் ஷுவும் அவருடைய குழுவினரும், அமைப்புத் தவறுகளுக்குப் பயனரைப் பழிக்கக் கூடாது என்று தலைப்பிலேயே சொல்லும் ஓர் ஆய்வுக் கட்டுரையை 2013இல் வெளியிட்டனர். 2015இல் அதே குழு, சர்வர்களில் பரவலாக இயங்கும் சில மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் அமைப்புகளில் எத்தனையை மக்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தது. பெரும்பாலான பயனர்கள் மாற்றியவை 6.1 முதல் 16.7 விழுக்காடு அமைப்புகள் மட்டுமே; 54.1 விழுக்காடு வரையிலான அமைப்புகளை அநேகமாக யாருமே தொட்டதில்லை. யாருக்கும் தேவைப்படாத திருகுகளை நூற்றுக்கணக்கில் பொருத்திவைத்துவிட்டு, அவற்றுள் ஒன்றைத் தவறாகத் திருப்பியவரைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

எட்டு வினாடித் திருத்தம்

இத்துறையில் இன்றளவும் பாடமாக வைக்கப்படும் நிகழ்வு, கனடாவின் அரசு நிறுவனமான அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா தயாரித்த ‘தெராக்-25’ என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தைப் பற்றியது. புற்றுக்கட்டியின் மீது எலெக்ட்ரான் கற்றையை நேரடியாகச் செலுத்துவது, அதைவிடப் பன்மடங்கு வலிய கற்றையை ஓர் உலோக இலக்கில் மோதவிட்டு எக்ஸ் கதிராக மாற்றிச் செலுத்துவது என்று அந்த இயந்திரத்துக்கு இரண்டு பயன்முறைகள் இருந்தன. எந்த முறை வேண்டும் என்பதை இயக்குநர் விசைப்பலகையில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டித் தெரிவிப்பார். எலெக்ட்ரானுக்கு ‘ஈ’, எக்ஸ் கதிருக்கு ‘எக்ஸ்’.

1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில், அனுபவம் மிக்க ஓர் இயக்குநர் பழக்கத்தின் வேகத்தில் ‘எக்ஸ்’ என்று தட்டிவிட்டார். அன்றைய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதுவே வேண்டியிருந்தது. பிழையை உடனே கண்டுகொண்ட அவர், மேலே போகும் விசையை அழுத்தி அந்த இடத்துக்குத் திரும்பி, ‘ஈ’ என்று மாற்றி, மற்ற அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்ததால் என்டர் விசையைத் தொடர்ந்து தட்டிக் கீழே இறங்கினார். திரை சரியான மதிப்பைக் காட்டியது. ஆனால் கற்றையை வளைக்கும் காந்தங்களை முதலில் சொன்ன அளவுக்கு ஏற்ப நிலைநிறுத்த இயந்திரம் சுமார் எட்டு வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த எட்டு வினாடிக்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவே இல்லை. எக்ஸ் கதிருக்குரிய வலிமையோடு, இடையில் உலோக இலக்கு இல்லாமல், கற்றை நோயாளியின் முதுகில் இறங்கியது. அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது 180 ராட் அளவு. உடலில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

இயந்திரம் அப்போது எச்சரிக்கை தராமல் இல்லை. ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் எழுதிக்காட்டியது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கையேடு விளங்கும்படி சொல்லவில்லை. நோயாளிக்குச் சென்ற அளவு குறைவு என்றே திரையின் இன்னொரு மூலை காட்டியது. இத்தகைய எண்களோடு இயந்திரம் நாள்தோறும் பலமுறை நிற்பதும், ‘பீ’ என்ற எழுத்தைத் தட்டினால் தொடர்வதும் இயக்குநர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தன. அவரும் ‘பீ’ தட்டினார். கற்றை இரண்டாம் முறையும் பாய்ந்தது. அந்த நோயாளி சில மாதங்களில் இறந்தார். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொருவருக்கும் இதுவே நேர்ந்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை இந்த வகை இயந்திரத்தால் ஆறு விபத்துகள் நேர்ந்தன.

பிழை மென்பொருளில் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. இதற்கு முந்தைய மாதிரியான தெராக்-20இல், இலக்கு உரிய இடத்தில் இல்லாதபோது வலிய கற்றை கிளம்பவே முடியாதபடி, கணினியைச் சாராத மின்னியல், இயந்திரவியல் பூட்டுகள் இருந்தன. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் புதிய மாதிரியில் அவற்றை நீக்கிவிட்டார்கள். ஆபத்தான சேர்க்கை ஒன்று நிகழவே முடியாதபடி செய்துவைத்திருந்த காப்பு, எவருக்கும் விளங்காத ஓர் எண்ணுக்கும் ‘தொடரட்டுமா’ என்ற விசைக்கும் இடம் விட்டுப் போயிற்று.

ஒரே திருகு, இரண்டு பொருள்

மனிதரைத் திருத்துவதைவிடக் கருவியைத் திருத்துவதே பலன் தரும் என்பதை விமானத்துறை கணினி பரவுவதற்கு முன்பே கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, பத்திரமாகத் தரையிறங்கிய பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் சிலர், ஓடுபாதையிலேயே இறக்கை மடலை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தபோது, இரண்டுக்கும் உரிய விசைகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. இப்படி அருகருகே இல்லாத சி-47 விமானங்களில் இந்தத் தவறு நேரவில்லை. சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரமும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தப்பட்டதோடு அந்தப் பிழை மறைந்தது. பெரிய பயணிகள் விமானங்களில் இவ்விரண்டு கைப்பிடிகளின் வடிவமும் எப்படி இருக்க வேண்டும் என்பது இன்று அமெரிக்க விமான விதிகளிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பாடம் திரைக்கும் எண்களுக்கும் மாறிய காலத்தில் ஓரளவு மறக்கப்பட்டது. 1992 ஜனவரி 20 அன்று லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சென்ற ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ-320 விமானம், இறங்கும் வழியில் சான்த் ஓதீல் மலையருகே மோதியது. விமானத்தில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் இறங்கும் வீதத்தைக் குறிக்க ஒரே திருகுதான் இருந்தது. ஒரு பயன்முறையில் அது இறங்கும் கோணத்தைக் குறிக்கும். மற்றொன்றில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதைக் குறிக்கும். கோண முறையில் கழித்தல் 3.3 என்றால் மிதமான, முறையான இறக்கம். வேக முறையில் கழித்தல் 33 என்றால் நிமிடத்துக்கு 3,300 அடி என்ற செங்குத்தான வீழ்ச்சி. சிறு சாளரத்தில் இரண்டுக்கும் இடையே தென்பட்ட வேறுபாடு ஒரு புள்ளிதான். விமானிகள் கோணம் என்று எண்ணி வேகத்தை வைத்துவிட்டார்கள் என்பதை விசாரணையாளர்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை என்றாலும், நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுந்தவற்றுள் ஒன்றாக அதைக் கருதினார்கள். தரை நெருங்குவதை உரத்துச் சொல்லும் கருவியும் அந்த விமானத்தில் பொருத்தப்படவில்லை. பின்னர் ஏர்பஸ் நிறுவனம் வேக முறையில் எண்ணை நான்கு இலக்கமாக, கழித்தல் 3300 என்று முழுதாகக் காட்டும்படி மாற்றியது.

இரண்டு பூஜ்யங்களைச் சேர்த்த அந்த மாற்றம் எளிமையில் வியக்க வைக்கிறது. விமானியிடம் அது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, எச்சரிக்கை ஒலி எழுப்பவில்லை, அவருடைய உரிமை எதையும் பறிக்கவில்லை. ஆபத்தான மதிப்பு ஆபத்தாகவே கண்ணுக்குத் தெரியும்படி செய்தது. நல்ல காப்புகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

யாரும் தொடாத தெரிவு

பயனர் எதையுமே தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு ‘இயல்புநிலை’ எனப்படும். கணினித் துறையில் இருப்போர் இதை ‘டீஃபால்ட்’ என்றே சொல்வார்கள். பெரும்பாலோர் பெரும்பாலான அமைப்புகளைத் தொடுவதே இல்லை என்பதால், இயல்புநிலையே மிகப் பலருடைய உண்மையான அமைப்பாகிவிடுகிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரை, தகவல் பாதுகாப்புக்கு வகுத்த நெறிகளில் ஒன்று இதைப் பற்றியதே: வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே தொடங்க வேண்டும். அப்போதுதான் மறதியால் நேரும் பிழை, கதவு அடைபட்டிருக்கிறது என்ற புகாராக வந்து சேரும். மாறாக இருந்தால் கதவு திறந்து கிடப்பது களவு போன பின்தான் தெரியும்.

நெறி வகுக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது மீறப்பட்டுக்கொண்டிருந்தது. மோங்கோடிபி என்ற புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகள், நிறுவிய உடனேயே கணினியின் எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலிருந்தும் வரும் இணைப்புகளை ஏற்றன, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. நிரலாளர் தம் மேசையில் விரைவாகத் தொடங்கிவிடலாம் என்பதே அதன் நோக்கம். அதே அமைப்போடு அதை இணையத்தில் இருக்கும் சர்வரில் ஏற்றியவர்கள், பூட்டே பொருத்தாமல் கட்டிமுடித்த வீட்டில் சாமான்களோடு குடிபுகுந்தவர்களைப் போலானார்கள். 2017 ஜனவரியில் பல்லாயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை யார் யாரோ திறந்து அழித்து, திரும்ப வேண்டுமானால் பிட்காயினில் பணம் தருமாறு குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். சில நிறுவல் பொதிகளில் முன்பே செய்திருந்த திருத்தத்தை, அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில் எல்லாவற்றுக்கும் விரித்து, சொந்தக் கணினியிலிருந்து மட்டுமே இணைய முடியும் என்று நிறுவனம் இயல்புநிலையை மாற்றியது. ரெடிஸ் என்ற இன்னொரு தரவு மென்பொருள், கடவுச்சொல் வைக்காமலும் எந்த முகவரியில் இயங்க வேண்டும் என்று சொல்லாமலும் தொடங்கப்பட்டால் வெளியாருக்குப் பதிலளிக்க மறுக்கும் ‘காப்புப் பயன்முறையை’ 2016இலேயே சேர்த்திருந்தது.

அமேசானின் மேகக் கிடங்கான எஸ்-3இன் கதை இதைவிட நுட்பமானது. அங்கே ‘பக்கெட்’ எனப்படும் சேமிப்பிடங்கள் தொடக்கத்திலிருந்தே தனிப்பட்டவையாகத்தான் உருவாகின. ஆயினும் அவற்றைப் பொதுவில் திறந்துவிட்ட நிறுவனங்களின் பட்டியல் நீண்டது. 2017 ஜூனில் ஓர் அரசியல் தரவு நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரங்கள் திறந்து கிடந்தது தெரியவந்தது. இத்தகைய பிழைகளுக்கு ஒரு காரணம் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள்’ என்று பொருள்படும் ஒரு தெரிவு. தம் நிறுவனத்தில் உள்நுழைந்தவர்கள் என்றே பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். உண்மையில் உலகில் எங்கிருந்தேனும் அமேசான் மேகச் சேவையில் கணக்குத் தொடங்கிய எவரையும் அது குறித்தது. பொதுவில் திறப்பதையே மொத்தமாகத் தடுக்கும் ஒரு மேலமைப்பை அமேசான் 2018 நவம்பரில் கொண்டுவந்தது. ஆயினும், விரும்பியவர் முடுக்கிக்கொள்ளலாம் என்ற நிலையிலிருந்து புதிய சேமிப்பிடங்கள் எல்லாவற்றுக்கும் இயல்பாகவே அது பொருந்தும் என்ற நிலைக்கு வர 2023 ஏப்ரல் ஆயிற்று. அந்த இடைவெளியை நியாயப்படுத்துவது கடினம்.

தேய்ந்துபோன கேள்வி

வடிவமைப்பாளருக்கு மிக எளிதாகக் கைவரும் காப்பு உறுதிக் கேள்விதான்: ‘நிச்சயமாகவா?’, கீழே ‘ஆம்’, ‘இல்லை’. கேள்வி அடிக்கடி வரும்போது, அதற்கு ‘ஆம்’ என்பதும் செயலின் ஒரு பகுதியாகவே விரலில் பதிந்துவிடுகிறது. 2013இல் தேவ்தத்தா அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் ஆகியோர் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உலாவி எச்சரிக்கைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் கோளாறு என்ற எச்சரிக்கையைக் குரோம் பயனர்கள் 70.2 விழுக்காடு முறை தாண்டிச் சென்றதும், ஃபயர்ஃபாக்ஸில் அது 33 விழுக்காடாக இருந்ததும் தெரியவந்தன. ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை தந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்வதால் அதே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பதில்லை என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மக்கள் எச்சரிக்கைகளை மதிப்பதே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. தீநிரல், ஏமாற்றுத் தளம் பற்றிய எச்சரிக்கைகளை அதே மக்கள் பெரும்பாலும் மதித்து நின்றார்கள். எச்சரிக்கை எப்படிச் சொல்லப்படுகிறது, எவ்வளவு அடிக்கடி சொல்லப்படுகிறது என்பனவே அதன் வலுவைத் தீர்மானிக்கின்றன.

2018 ஜனவரி 13 காலை 8:07 மணிக்கு ஹவாய்த் தீவுகள் முழுவதும் கைப்பேசிகளில் ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தது. பிழையான எச்சரிக்கை அது. மாநில அவசரகால முகமையின் பணியாளர், நடந்தது பயிற்சி என்பதை உணராமல் உண்மை எச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்தார். இந்த எச்சரிக்கையை அனுப்ப விரும்புவது நிச்சயமா என்று மென்பொருள் கேட்டது. அவர் ‘ஆம்’ என்றார். உண்மை என்றே நம்பியவரிடம் நிச்சயமா என்று கேட்டதால் என்ன பயன்? பயிற்சிச் செய்தியை அனுப்பும்போதும் அதே சொற்களில்தான் அந்தக் கேள்வி வரும் என்பதை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணை சுட்டிக்காட்டியது. தவறு என்று மறுப்புச் செய்தி போய்ச்சேர 38 நிமிடம் ஆயிற்று. அனுப்பியதைத் திருத்தும் செய்தி முன்கூட்டியே எழுதிவைக்கப்படவில்லை என்பது அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். அதன் பிறகு, இருவர் ஒப்பினால்தான் எச்சரிக்கை வெளியாகும் என்ற விதியும், ஆயத்தமான மறுப்புச் செய்தியும் ஏற்பட்டன.

கேள்வியைக் கடினமாக்கினால் தீருமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. 2021 நவம்பரில் யூடியூபில் பரவலாக அறியப்பட்ட லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் விளையாட்டுச் செயலி ஒன்றை நிறுவ முயன்றார். பொதிகளில் அப்போது இருந்த ஒரு கோளாறு காரணமாக, அதை நிறுவ வேண்டுமானால் திரைமுகம் முழுவதையும் நீக்க வேண்டும் என்று நிறுவியான ஏபிடி கணக்கிட்டது. அது வெறும் ‘ஆம்’ கேட்கவில்லை. தீங்கு விளையக்கூடும் என்று அறிவித்து, ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார், இயங்குதளம் அவருடைய திரைமுகத்தை நீக்கியது. நீங்கவிருந்தவற்றின் பெயர்கள் நீண்ட பட்டியலாக மேலே ஓடியிருந்தன; ஒரு விளையாட்டை நிறுவ வந்தவருக்கு அந்தப் பெயர்கள் எதையும் உணர்த்தவில்லை. சிலர் அவரைக் கேலி செய்தார்கள். அந்த மென்பொருளைப் பராமரிப்போர் சரியான வழியை எடுத்தார்கள்: இன்றியமையாத பொதிகளை நீக்குவதற்குக் கேள்வி கேட்கும் வழக்கத்தையே விட்டுவிட்டு, அதற்கெனத் தனியான கட்டளைத் தெரிவைத் தெரிந்தே சேர்த்தால்தான் நடக்கும் என்று மாற்றினார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2022இல் எடுத்த முடிவும் இத்தகையதே. ஆவணத்துக்குள் பதிந்துவரும் ‘மேக்ரோ’ என்னும் சிறு நிரல்கள் பல்லாண்டுகளாக நச்சு நிரல்களின் வாகனமாக இருந்தன. மஞ்சள் பட்டையில் இருந்த ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் அவை இயங்கிவிடும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு அந்தப் பொத்தானையே நிறுவனம் எடுத்துவிட்டது. உண்மையாகவே தேவைப்படுவோர் கோப்பின் பண்புகளுக்குள் சென்று தடையை நீக்கலாம். கதவு மூடப்படவில்லை, அவசரத்தில் கை படும் இடத்திலிருந்து அது நகர்த்தப்பட்டது.

திரும்பி வரும் வழி

எல்லாக் காப்புகளிலும் மேலானது திரும்பி வர வழி வைப்பது. விண்டோஸில் திரையின் தெளிவளவை மாற்றியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: புதிய அளவு உடனே நடைமுறைக்கு வரும், ‘இதை வைத்துக்கொள்ளலாமா’ என்ற கேள்வியோடு 15 வினாடி ஓடும், பதில் இல்லையென்றால் பழைய அளவு தானாகத் திரும்பிவிடும். தவறான அளவால் திரை இருண்டுபோனவர் எந்தப் பொத்தானையும் பார்க்க முடியாது என்பதை உணர்ந்து, மௌனத்தையே ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

இதே தத்துவத்தின் மீதுதான் வலைப்பின்னல் பொறியாளர்களின் அன்றாட நிம்மதி நிற்கிறது. தொலைவில் உள்ள ஒரு ரூட்டரின் அமைப்பை, அந்த ரூட்டர் வழியாகவே செல்லும் இணைப்பில் உட்கார்ந்து மாற்றுபவர், தாம் நிற்கும் கிளையையே வெட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிஸ்கோ ஸ்விட்ச்களில் இதற்குப் பெயர்பெற்ற ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே கேபிளில் பிரித்து அனுப்பப்படும் தனி வலைப்பின்னல்களுக்கு ‘விலான்’ என்று பெயர்; எந்தெந்த விலான்கள் ஒரு கேபிளில் போகலாம் என்ற பட்டியலில் புதிதாக 30ஆம் எண்ணைச் சேர்க்க விரும்புபவர், கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல்லைச் சேர்க்க மறந்து எண்ணை மட்டும் எழுதினால், பட்டியலில் 30 சேராது; பழைய பட்டியல் முழுவதும் அழிந்து 30 மட்டுமே மிஞ்சும். அந்தக் கேபிளில் ஓடிய மற்ற அனைத்தும் அந்த நொடியே நின்றுவிடும், பொறியாளரின் சொந்த இணைப்பு உட்பட. கட்டளை இலக்கணப்படி சரியானது என்பதால் கருவி எதையும் கேட்பதில்லை. சேர்ப்பதும் அழித்தெழுதுவதும் ஒற்றைச் சொல்லால் பிரியும்படி வகுத்தது ஒரு வடிவமைப்புப் பிழை. அதற்கான விலையைப் பல ஆண்டுகளாக இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர்கள் கொடுத்துவருகிறார்கள். அவர்கள் கண்டுகொண்ட கைவைத்தியம், மாற்றத்தைத் தொடங்கும் முன் பத்து நிமிடத்தில் கருவி தானாக மறுதொடக்கம் ஆகும்படி ஏற்பாடு செய்துகொள்வது. எல்லாம் நலமாக முடிந்தால் அதை ரத்துச் செய்வது.

ஜூனிப்பர் நிறுவனத்தின் இயங்குதளம் இந்த ஏற்பாட்டைக் கருவியிலேயே வைத்தது. அங்கே எழுதப்படும் மாற்றங்கள் முதலில் வரைவாகவே நிற்கும். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்ற கட்டளையால் அவற்றை நடைமுறைப்படுத்தினால், பத்து நிமிடத்துக்குள் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானாகத் திரும்பும். உபுண்டு சர்வர்களில் உள்ள ‘நெட்பிளான் ட்ரை’ 120 வினாடியில் இதையே செய்கிறது. ‘நிச்சயமா’ என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஆனால் விளைவைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்கப்படுகிறது. முன்னால் கேட்கும் கேள்விக்கு மனிதர் தம் நம்பிக்கையைப் பதிலாகத் தருகிறார். பின்னால் கேட்கும் கேள்விக்குத் தாம் கண்டதைத் தருகிறார்.

திரும்ப முடியாத செயல்களுக்கு மட்டுமே கடும் தடை பொருந்தும். சேஃப் என்ற பெருந்தரவுச் சேமிப்பு மென்பொருளில் ஒரு சேமிப்புத் தொகுதியை அழிக்க, அதன் பெயரை இரண்டுமுறை எழுத வேண்டும். ‘ஆம், உண்மையிலும் உண்மையாகவே சொல்கிறேன்’ என்று பொருள்படும் நீண்ட தெரிவைச் சேர்க்க வேண்டும். அதற்கும் மேலாக, அழிப்பதற்கே அனுமதி தரும் வேறோர் அமைப்பை முன்கூட்டித் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு வேளையில், வேறு வேறு மனநிலையில் செய்யப்படும் செயல் என்பதால் விரல் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

காப்பே தவறும்போது

பயனர் எழுதிய மதிப்பை மென்பொருள் மௌனமாகத் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. இடையக சர்வரான ஸ்க்விடின் பழைய பதிப்புகளில், அமைப்புக் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதினால் மட்டுமே ஒரு வசதி இயங்கியது. ‘யெஸ்’ என்று எழுதினால் அது ‘ஆஃப்’ என்றே கொள்ளப்பட்டது, ஒரு வார்த்தை முறையீடும் இன்றி. முன்பு கூறிய 2013 ஆய்வு எடுத்துக்காட்டிய பல நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. புரியாத மதிப்பைக் கண்டால் தொடங்க மறுத்து, எந்த வரியில் என்ன தவறு என்று சொல்வதுதான் நேர்மையான மென்பொருளின் இலக்கணம்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனிய மையத்தில் சில சர்வர்களை மட்டும் நீக்க வேண்டிய ஊழியர், நடைமுறைக் கையேட்டின்படியே கட்டளை இட்டபோது ஒரு மதிப்பைத் தவறாகத் தட்டினார். நினைத்ததைவிட மிகப் பல சர்வர்கள் நீங்கின. எஸ்-3ஐ நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்கள் சில மணிநேரம் முடங்கின. அமேசான் வெளியிட்ட அறிக்கை அந்த ஊழியரைப் பழிக்காமல் கருவியைத் திருத்தியதைச் சொன்னது: சர்வர்கள் இனி மெதுவாகவே நீக்கப்படும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லும் எந்தக் கட்டளையும் மறுக்கப்படும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்ததற்குக் காரணமும், பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை. அத்தகைய கட்டளைகளைச் சோதித்துத் தடுக்கும் கருவி அங்கே இருந்தது. அந்தக் கருவியிலேயே ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. காப்புக் கருவியும் ஒரு மென்பொருள்தான் என்பதால், அதை அவ்வப்போது வேண்டுமென்றே தவறான கட்டளை கொடுத்துச் சோதித்துப் பார்க்காத நிறுவனம், காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு மட்டுமே இருக்கிறது.

எதிர்த்திசையில் இன்னோர் ஆபத்து உண்டு. சால்ட்சரும் ஷ்ரோடரும் அதே கட்டுரையில், காப்பு மனிதர் இயல்பாக ஏற்றுக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பதையும் ஒரு நெறியாக வைத்தார்கள். லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற வலுவான காப்பு வேலையை மறித்து, காரணத்தையும் புரியும்படி சொல்லாதபோது, நிர்வாகிகள் அதை ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டுப் போனது அத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்ற செய்தியைக் கண்டதும், யாரும் எதுவும் செய்யலாம் என்று பொருள்படும் 777 என்ற எண்ணை வைத்துவிடுவதும் அப்படித்தான். வேலையை முடிக்க வேண்டியவருக்குச் சிறிய, சரியான வழி எது என்று சொல்லாத காப்பு, பெரிய, தவறான வழிக்கு அவரைத் தள்ளுகிறது.

இந்தக் கடமையைச் சட்டமும் இப்போது மெல்ல ஏற்றுவருகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர்கள் எல்லாக் கருவிகளிலும் ஒரேபோல் வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட கடவுச்சொல் இணைகளைக் கொண்டே கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. கடவுச்சொல்லை மாற்றாத வீட்டுக்காரரைக் குறைசொல்வதில் பயனில்லை என்று உணர்ந்த கலிஃபோர்னியா, 2020 ஜனவரி 1 முதல் அத்தகைய பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதைத் தடுத்தது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பொருள் தாங்குதிறன் சட்டம் இன்னும் விரிவானது: மென்பொருள் அடங்கிய பொருள்கள் பாதுகாப்பான இயல்புநிலை அமைப்போடு விற்பனைக்கு வர வேண்டும் என்றும், அவற்றைத் தொடக்க நிலைக்குத் திருப்ப வழி இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தும். ஒரே திருகுக்கு இரண்டு பொருள் இருப்பதையோ, சேர்ப்பதும் அழிப்பதும் ஒரு சொல்லில் பிரிவதையோ அச்சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அவற்றைக் கண்டு திருத்தும் வேலை இன்னும் வடிவமைப்பாளரின் மேசையில்தான் கிடக்கிறது.